உச்சிச் சூரியனும் தேனீயின் கணக்கும்

தேனீயின் அறிவு குறித்துக் கடந்த நூறாண்டுகளில் கண்டறியப்பட்டவற்றுள் தலையாயவை வானத்தோடு தொடர்புடையவை. பூவிருக்கும் திசையைத் தேனீ சூரியனைக் கொண்டு அறிகிறது. சூரியன் மேகத்தில் மறைந்திருக்கும்போது நீல வானத்தின் ஒரு சிறு பகுதியைக் கொண்டே அதன் இடத்தை உய்த்துணர்கிறது. கூட்டின் இருட்டுக்குள் நுழைந்த பின்னும் வெளியே சூரியன் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்பதைக் கணக்கில் வைத்திருக்கிறது. இச்செய்திகள் ஆய்விதழ்களிலிருந்து பொதுமக்களை வந்தடையும்போது ஒரு வாதமும் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. எள்ளளவு மூளை கொண்ட பூச்சியையே வானம் இயக்குமானால், மனித வாழ்வைக் கோள்களும் நட்சத்திரங்களும் இயக்குகின்றன என்னும் சோதிடத்தின் அடிப்படைக்கு அதுவே சான்று என்பது அந்த வாதம். நகைத்து ஒதுக்கிவிட்டால் அது ஒழிந்துபோகாது. தேனீ வானத்திலிருந்து எதைப் பெறுகிறது, எவ்வழியில் பெறுகிறது, அவ்வாறு பெறுகிறது என்பதை எப்படிச் சோதித்து அறிந்தார்கள் என்பவற்றை விரித்துப் பார்த்தாலன்றி அவ்வாதத்தின் வலுவும் வலுவின்மையும் புலப்படா.

அவ்வாறு விரித்துப் பார்ப்பதற்குத் தாமிரபரணிக் கரையைவிடப் பொருத்தமான இடம் அரிது. பாபநாசத்தில் சூரியனுக்குரியதாகத் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலத்தில் சுக்கிரனுக்குரியதாக முடியும் நவகைலாயங்களும், ஆற்றின் கீழ்ப்பகுதியில் திருவைகுண்டத்தை முதலாகக் கொண்ட நவதிருப்பதிகளும், சைவம் வைணவம் என்ற வேறுபாடின்றி ஒன்பது கோள்களோடு இணைத்து வழிபடப்படுகின்றன. 2018 அக்டோபரில் குரு விருச்சிக ராசிக்குப் பெயர்ந்ததையொட்டி நடைபெற்ற மகாபுஷ்கரத்தின்போது பாபநாசம் முதல் புன்னக்காயல் வரையுள்ள படித்துறைகளில் மக்கள் இலட்சக்கணக்கில் நீராடினார்கள். அவ்விழா 144 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதென்று அறிவிக்கப்பட்டது. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர 11.86 ஆண்டுகளே ஆகின்றமையால் பன்னிரண்டு சுற்றுகளுக்கு 142 ஆண்டுகளும் சில மாதங்களும்தான் கணக்காகும் என்பதைப் பஞ்சாங்கம் கணிப்போர் அறியாதவர் அல்லர். முழு எண்ணின் கவர்ச்சிக்கு விழாக்குழுக்கள் இணங்கிவிடுவது இயல்பு. வானத்தின்மீது இத்துணை ஈடுபாடுள்ள இச்சமவெளி வடக்கே 8.7 பாகை அகலக்கோட்டில், ஆண்டுக்கு இருமுறை சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் வெப்பமண்டலப் பகுதிக்குள் அமைந்திருக்கிறது என்பதே இவ்வுரைக்கு மிக முதன்மையான செய்தியாகும்.

இப்பகுதியின் தேன் தரும் பூச்சிகள் நான்கு வகையின. பொதிகை மலையின் பாறை முகங்களிலும் ஓங்கிய மரக்கிளைகளிலும், சமவெளியில் கோயில் கோபுரங்களிலும் குடிநீர்த் தொட்டிகளின் அடிப்புறத்திலும், ஒரே பெரிய அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடுவது மலைத்தேனீ. புதர்க் குச்சியைச் சுற்றி உள்ளங்கையளவு அடை கட்டுவது கொம்புத்தேனீ. மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் இணையான பல அடைகளைக் கட்டுவதும், மார்த்தாண்டம் பகுதியில் மரப்பெட்டிகளில் வைத்து வளர்க்கப்படுவதும் அடுக்குத்தேனீ. கொட்டும் கொடுக்கு இல்லாத கொசுத்தேனீ நான்காவது. காரையாறு, சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி முதலிய இடங்களில் வாழும் காணி மக்கள் காட்டிலிருந்து சேகரிக்கும் பொருள்களுள் தேனும் ஒன்று. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரசு நோய் தென்னிந்தியாவின் அடுக்குத்தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்தபோது, பெட்டித்தேனை நம்பியிருந்த குடும்பங்கள் அடைந்த துன்பம் இன்னும் மறக்கப்படவில்லை.

தேனீக்களின் நடனத்துக்குப் பொருள் கண்டவர் ஆஸ்திரியாவில் பிறந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ். அவருக்கு 1973ஆம் ஆண்டு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அடுக்குத்தேனீயின் பெட்டியைத் திறந்து, ஓரத்தில் நிற்கும் அடையைப் பொறுமையாகப் பார்ப்பவர்கள் அந்த நடனத்தைக் காணலாம். மகரந்த உருண்டைகள் பின்கால்களில் ஒட்டியிருக்க, திரும்பி வந்த தேனீ ஒன்று செங்குத்தான அடையின்மேல் ஒரு சிறு நேர்கோட்டில், வயிற்றுப் பகுதியை இருபுறமும் மிக விரைவாக அசைத்துக்கொண்டு ஓடும். ஓட்டம் முடிந்ததும் வலப்புறம் அரைவட்டமாகத் திரும்பித் தொடங்கிய இடத்துக்கு வந்து, மீண்டும் அதே நேர்கோட்டில் ஓடி, இம்முறை இடப்புறமாகத் திரும்பும். நான்கைந்து தேனீக்கள் உணர்கொம்புகள் அதன் உடலில் படும்படி நெருங்கிப் பின்தொடரும். அந்த நேர்கோடு செங்குத்திலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறதோ, அத்தனை பாகை சூரியனிருக்கும் திசையிலிருந்து விலகிப் பறக்க வேண்டும் என்பது அதன் பொருள். நேராக மேல்நோக்கி ஓடினால் சூரியனை நோக்கிச் செல்க என்றும், நேராகக் கீழ்நோக்கி ஓடினால் சூரியனுக்கு முதுகைக் காட்டிச் செல்க என்றும் கொள்ள வேண்டும். அசைவு நீடிக்கும் நேரம் தொலைவைக் குறிக்கிறது. கொம்புத்தேனீ இந்த மொழிபெயர்ப்புக்கே இடம் வைக்காமல், தன் அடையின் கிடைமட்டமான மேற்பரப்பில், வானத்தைப் பார்த்தபடியே, பூவிருக்கும் திசையை நேராகச் சுட்டி ஆடுகிறது. நடனத்தின் தொன்மையான வடிவம் அதுவாகவே இருக்கலாம் என்பது பல அறிஞரின் கருத்து.

தொலைவைக் குறிக்கும் அசைவின் அளவு எல்லா இனத்துக்கும் ஒன்றன்று. பெங்களூரில் மூன்று இந்தியத் தேனீ இனங்களிலும் செய்து 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வு, குறுகிய எல்லைக்குள் இரைதேடும் அடுக்குத்தேனீ சிறு தொலைவுக்கே நீண்ட அசைவைப் பயன்படுத்துவதையும், நெடுந்தொலைவு பறக்கும் மலைத்தேனீ அதே தொலைவைச் சுருங்கிய அசைவால் சொல்லிவிடுவதையும் காட்டியது. இத்தொலைவைத் தேனீ அளப்பது இறக்கைகளின் உழைப்பைக் கொண்டன்று, பறக்கும்போது கண்ணெதிரே காட்சிகள் எவ்வளவு பின்னோக்கி ஓடின என்பதைக் கொண்டே என்பதை, உட்சுவரில் கோலமிட்ட குறுகிய சுரங்கங்களில் தேனீக்களைப் பறக்கவிட்டு நிறுவியவர்களுள் முன்நிற்பவர் இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா சென்று பணியாற்றிய மாண்டயம் சீனிவாசன். ஏறத்தாழ பத்து இலட்சம் நரம்பணுக்களே கொண்ட மூளையால் நான்கு வரை எண்ணவும், ஒன்றுபோலிருப்பதையும் வேறாக இருப்பதையும் பொதுக்கருத்தாகப் பிரித்தறியவும் தேனீக்கு இயலும் என்பவை அடுத்தடுத்து உறுதிப்பட்டன. 2018இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு, ஒன்றுமில்லாமையை ஒன்றைவிடக் குறைந்த அளவாக வரிசையில் வைக்கவும் தேனீயைப் பழக்கலாம் என்று காட்டியது. இவையெல்லாம் வியப்புக்குரியனவே. எனினும் வானத்தைப் பற்றிய கேள்விக்கு இவற்றைவிட அதன் கடிகாரமே நெருக்கமானது.

சூரியன் நகர்ந்துகொண்டே இருப்பதால், அதைத் திசைகாட்டியாகக் கொள்ளும் எவருக்கும் நேரம் தெரிந்தாக வேண்டும். தேனீக்கு அந்த நேரவுணர்வு வெளியிலிருந்து வருகிறதா, உள்ளேயே இருக்கிறதா என்பதை அறிய, மாக்ஸ் ரென்னர் 1955இல் பாரிஸ் நகரில் ஒரு மூடிய அறையில் குறித்த நேரத்தில் சர்க்கரைநீர் அருந்தப் பழக்கிய தேனீக்களை ஒரே இரவில் விமானத்தில் நியூயார்க்குக்குக் கொண்டு சென்றார். அங்கேயும் அவை பாரிஸ் நேரப்படியே உணவுத் தட்டைத் தேடி வந்தன. பூமியின் சுழற்சியோடு பிணைந்த ஏதோ ஒரு புறச்சக்தி அவற்றை எழுப்புவதாக இருந்திருந்தால் அவை நியூயார்க்கின் நேரத்துக்கு வந்திருக்க வேண்டும். நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட மற்றொரு சோதனை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது: பகலில் சில மணி நேரம் மயக்கமருந்து கொடுக்கப்பட்ட தேனீக்களின் உட்கடிகாரம் பின்தங்கிப் போக, மயக்கம் தெளிந்து பறந்தபோது அவை சூரியனின் இடத்தைப் பழைய நேரத்தோடு பொருத்திப் பார்த்துப் பிழையான திசையில் சென்றன. கடிகாரத்தைத் தள்ளிவைத்தால் திசை மாறும். வானத்தை மறைத்தால் திசை மங்கும். கண்ணின் மேல்விளிம்பில் முனைவாக்கம் பெற்ற ஒளியை, அதாவது அலைவுகள் ஒரே தளத்தில் அமைந்த ஒளியை, உணரும் பகுதியை மூடிவிட்டால் நீல வானத்தைப் படிக்கும் திறன் போய்விடும். வானத்துக்கும் தேனீக்கும் இடையேயுள்ள உறவின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே அறுத்துப் பார்க்க முடிந்திருக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொள்வது நலம்.

சூரியனின் நகர்வைப் பற்றிய அக்கணக்கு பிறவியிலேயே வருவதா, பழக்கத்தில் வருவதா என்னும் வினாவுக்கு அமெரிக்க ஆய்வாளர்கள் டையர், டிக்கின்சன் ஆகிய இருவரும் 1994இல் விடை கண்டனர். பிற்பகலின் கடைசி மணிகளில் மட்டும் வெளியே பறக்கவிடப்பட்டு, காலைச் சூரியனையே கண்டிராத இளந்தேனீக்கள், மேகம் மூடிய ஒரு நாளில் முதன்முறையாகக் காலையில் வெளியே விடப்பட்டபோது, சூரியன் மாலையில் நின்ற இடத்துக்கு நேர் எதிரே இருப்பதாகக் கொண்டு நடனமாடின. காலை முழுதும் ஒருபுறம், நண்பகலில் ஒரே தாவல், மாலை முழுதும் மறுபுறம் என்னும் பருமட்டான வாய்பாடு ஒன்று அவற்றின் மூளையில் முன்பே அமைந்திருக்கிறது. வெளியே பறந்து பார்க்கப் பார்க்க அந்த வாய்பாடு உள்ளூர்ச் சூரியனின் உண்மையான பாதைக்கு ஏற்பத் திருத்தப்படுகிறது.

ஐரோப்பாவில் எழுந்த இந்த ஆய்வு மரபில் நெடுங்காலம் எழாத ஒரு கேள்வி வெப்பமண்டலத்தில் எழுகிறது. சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிட்டால் அது எந்தத் திசையிலும் இல்லை. அப்போது தேனீ என்ன செய்யும்? ஃபான் ஃபிரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950களின் நடுவில் இலங்கைக்கு வந்து, மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ ஆகிய மூன்றையும் ஆராய்ந்தபோது இதையும் சோதித்தார். சூரியன் உச்சிப்புள்ளியிலிருந்து இரண்டு மூன்று பாகை விலகியிருக்கும் வரையில் தேனீக்கள் திசையைச் சரியாகச் சுட்டின. அந்த எல்லைக்குள் சூரியன் புகுந்ததும் நடனங்கள் குழம்பின. இயல்பாக அந்த வேளையில் பெரும்பாலான தேனீக்கள் கூட்டைவிட்டு வெளியே செல்லாமல் அடங்கியிருப்பதையும் அவர் குறிப்பிட்டார்.

திருநெல்வேலியில் இந்நிலை ஏப்ரல் 12 அளவிலும் ஆகஸ்ட் 30 அளவிலும் நேர்கிறது. நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் இப்போது கொண்டாடப்படும் அந்நாளில், இந்நகரின் நெட்டாங்குக்கும் இந்தியத் திட்ட நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டால், சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஏறத்தாழ 12.20 மணிக்கு. ஏப்ரல் 12 அன்று காலை முழுவதும் சூரியன் நேர் கிழக்கிலிருந்து ஒன்பது பாகைக்கு மேல் விலகுவதில்லை. நண்பகலின் ஒருசில நிமிடங்களில் மேற்குக்குத் தாவிவிடுகிறது. இளந்தேனீயின் மூளையில் பிறவியிலேயே உள்ள பருமட்டான வாய்பாடு, வெப்பமண்டலத்துக்கு வெளியே எப்போதும் தோராயமாகவே இருக்க, இச்சமவெளியில் ஆண்டுக்கு இருமுறை ஏறக்குறைய அப்படியே மெய்யாகிவிடுகிறது என்பது கருதத்தக்கது. அதைவிட வியப்பானது அடுத்து வருவது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் திருநெல்வேலிக்கு வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கே விழுகிறது. அப்பருவத்தில் சூரியன் கிழக்கிலிருந்து வடக்கு வழியாக மேற்குக்குச் செல்கிறது. எஞ்சிய மாதங்களில் தெற்கு வழியாகச் செல்கிறது. வேலைக்காரத் தேனீயின் வாழ்நாள் ஏறத்தாழ ஆறு வாரம், அதிலும் பூத்தேடிப் பறப்பது கடைசி இரண்டு மூன்று வாரங்களே. ஏப்ரல் தொடக்கத்தில் பறக்கத் தொடங்கும் ஒரு தேனீ, தெற்கே சாயும் சூரியனைக் கற்றுக்கொண்டு, அதே மாதத்தில் வடக்கே சாயும் சூரியனுக்கு ஏற்பத் தன் கணக்கைத் திருப்பி எழுத வேண்டியிருக்கிறது. முன்னோரின் அனுபவம் அதற்கு உதவாது. ஒவ்வொரு நாளின் வானமே உதவும்.

பஞ்சாங்கத்தைத் தேனீயின் இக்கணக்கோடு ஒப்பிடுவது இரண்டுக்கும் நியாயமானது, ஏனெனில் பஞ்சாங்கத்தின் பெரும்பகுதி சோதிடமன்று, வானியல். தமிழகத்தின் வாக்கியப் பஞ்சாங்கம், எண்களை எழுத்துகளாக மாற்றிச் சிறு சொற்றொடர்களில் அடக்கி மனப்பாடம் செய்யும் முறையில் வந்தது. சந்திரனின் அன்றாட இடத்துக்கு 248 வாக்கியங்கள் உண்டு. சந்திரன் தன் நீள்வட்டப் பாதையில் பூமிக்கு மிக அண்மையான புள்ளிக்கு ஒன்பது முறை திரும்பிவர 248 நாள் ஆவதால் அந்த எண்ணிக்கை அமைந்தது. ஜான் வாரன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி 1825இல் சென்னையில் வெளியிட்ட காலசங்கலித என்னும் நூலில், புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர் ஏடும் எழுத்தாணியும் இன்றி, தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்த முறையை விரித்துரைத்திருக்கிறார். கிரகணம் தொடங்கிய நேரம் நான்கு நிமிடமே பிசகியது. முடிந்த நேரம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாகப் பிசகியது. வாக்கியத்தின் பிசகைக் கண்ணால் கண்டு திருத்த வேண்டும் என்று எழுந்ததே திருக்கணிதப் பஞ்சாங்கம். சென்னை வானியல் ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்காக உழைத்தவர். முன்பே அமைந்த வாய்பாட்டை வைத்துக்கொண்டு அதைக் காட்சியால் திருத்துவது என்ற அளவில், தேனீயின் வேலையும் திருக்கணிதரின் வேலையும் ஒரே இனத்தவை.

வேறுபாடு திருத்தத்தை மறுக்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. சித்திரை முதல் நாள் சூரியன் மேட ராசிக்குள் நுழையும் நாள். அந்த நுழைவு நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்படுவதால், பருவங்களைத் தீர்மானிக்கும் சூரிய நிலையிலிருந்து ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிச் செல்கிறது. இன்று அது ஏப்ரல் 14. அன்றைய நண்பகலில் சூரியன் நேர் மேலே நிற்பது திருநெல்வேலிக்கு அன்று, இராசபாளையம், சிவகாசி அளவில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏதோ ஒரு தலைமுறைக்குப் புத்தாண்டும் உச்சிச் சூரியனும் நெல்லையில் ஒரே நாளில் வாய்த்திருக்கும். இது பிழையன்று, இரு வேறு அளவைகளின் விளைவு. ஆனால் 2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி நிகழ்ந்ததாகவும், வாக்கியப்படி அது 2026ஆம் ஆண்டிலேயே நிகழும் என்றும் இருவகைப் பஞ்சாங்கங்களும் அறிவித்தபோது, வானத்தில் உள்ள ஒரே சனிக்கு ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் இரண்டு பெயர்ச்சிகள் ஏற்பட்டன. எந்தப் பெயர்ச்சியின் பலன் மனிதர்களைப் பற்றியது என்பதைக் கண்டறியச் சோதனை ஏதும் நடைபெறவில்லை; இருவகைப் பலன்களும் அச்சாகி விற்பனையாயின. உச்சிச் சூரியனைப் பற்றித் தேனீக்கு இரண்டு கருத்துகள் இருந்தால், அவற்றுள் ஒன்று பூவை அடையாமல் பசியோடு திரும்பும்.

சோதனை நடத்தப்பட்ட இடங்களில் கிடைத்த முடிவு தெளிவானது. வானியலறிஞர் ஜயந்த் நார்லிகரும் உடனாய்வாளர்களும் மகாராட்டிரத்தில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், படிப்பில் சிறந்த நூறு குழந்தைகளின் சாதகங்களும், மனவளர்ச்சி குன்றிய நூறு குழந்தைகளின் சாதகங்களும் பெயரின்றிக் கலக்கப்பட்டன. ஒவ்வொருவரும் நாற்பது சாதகங்களைப் பார்த்து இரு பிரிவுகளையும் இனங்காணுமாறு கேட்டுக்கொள்ளப்பட்ட சோதிடர்களில் 27 பேர் விடையளித்தனர். சரியான விடைகள் பாதிக்கும் சற்றுக் குறைவு. இருநூறு சாதகங்களையும் ஆராய்ந்த ஒரு சோதிட நிறுவனம் 102ஐச் சரியாகச் சொன்னது. நாணயம் சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவே கிடைத்திருக்கும். பல்கலைக்கழகங்களில் சோதிடப் படிப்பைத் தொடங்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2001இல் முன்வந்ததும், அதை எதிர்த்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2004இல் தள்ளுபடி செய்ததும் நிர்வாகத்தையும் சட்டத்தையும் பற்றியவை. அவற்றால் சோதனையின் விடை மாறாது.

தேனீயையும் கோள்களையும் நேராகவே இணைக்கும் முயற்சியும் நடந்ததுண்டு. ஆஸ்திரியச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனர் 1923இல் சுவிட்சர்லாந்தின் டோர்னாக் என்ற ஊரில் தேனீக்களைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளில், முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ வெளிவர ஆகும் 21 நாளும் சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஆகும் காலமும் ஒன்றே என்றும், அதனால் 16 நாளில் முதிரும் ராணி சூரியனின் பிள்ளையாகவும் 24 நாள் எடுக்கும் ஆண் தேனீ பூமியின் பிள்ளையாகவும் ஆகின்றன என்றும் கூறினார். அழகிய கற்பனைதான். ஆனால் சூரியனின் நடுப்பகுதி ஒருமுறை சுழல ஏறத்தாழ 25 நாள் ஆகிறது. சூரியனைச் சுற்றியோடும் பூமியிலிருந்து பார்ப்பவருக்கு அது 27 நாளாகத் தோன்றும். 21 நாள் என்பது எவ்வகையிலும் பொருந்தாது. அந்த எண் தேனீயின் பக்கமும் பொதுவானதன்று. அது ஐரோப்பியத் தேனீயின் கணக்கு. பொதிகை அடிவாரத்து மரப்பொந்தில் வளரும் அடுக்குத்தேனீயின் வேலைக்காரிகள் 18 முதல் 20 நாளுக்குள் வெளிவந்துவிடுகின்றன. சூரியன் இரு நாடுகளுக்கும் ஒன்றே, தேனீக்கள்தாம் வேறு. ஸ்டைனரின் வழிவந்த பயோடைனமிக் வேளாண்மையில், அதாவது நிலவும் ராசிகளும் பயிரை ஆள்கின்றன என்று கொள்ளும் வேளாண்முறையில், ஜெர்மனியின் மரியா துன் 1960களிலிருந்து வெளியிட்ட நாட்காட்டி, நிலவு எந்த ராசியின் முன் நிற்கிறதோ அதற்கேற்பத் தேன்பெட்டியைத் திறக்கலாமா கூடாதா என்றுகூடச் சொல்கிறது. இத்தகைய நாட்காட்டிகளைத் தமிழக இயற்கை உழவர் சிலரும் கையாள்கின்றனர். பெட்டியைத் திறக்கும் முன் வேப்பம்பூவும் முருங்கைப்பூவும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்ப்பது அதைவிடப் பயன்தரும்.

நட்சத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தைப்பூச நாளில் முழுநிலவு நிற்கும் இடத்துக்கு அருகில், கடக ராசியில், நிலவொளி இல்லாத இரவுகளில் மங்கலான ஒளித்திட்டாகத் தெரிவதை மேலைநாட்டு வானியலார் தேன்கூட்டுக் கொத்து என்கின்றனர். கலிலியோ 1610இல் தொலைநோக்கியில் பார்த்து அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட விண்மீன்களைப் பிரித்துக் கண்டார். இன்று ஆயிரத்தளவு அறியப்பட்டுள்ளன. அது ஏறத்தாழ 600 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. மண்ணுலகத் தேனீக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை, ஏனெனில் தேனீக்கள் விண்மீன்களைத் திசைகாட்டியாகக் கொள்வதற்குச் சான்று கிடைத்ததில்லை. பால்வீதியைக் கொண்டு நேராகச் செல்லும் சாணவண்டு 2013இலும், விண்மீன்களைக் கொண்டு நெடும்பயணம் போகும் ஆஸ்திரேலிய விட்டில் 2025இலும் அறியப்பட்டன; தேனீ அந்தப் பட்டியலில் இல்லை. தரங்கம்பாடியின் பெயரைத் தன் அறிவியல் பெயரில் தாங்கிய, மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் ஒரு தச்சுவண்டு, நிலவற்ற இரவிலும் விண்மீன் ஒளியில் நிறம் பிரித்துத் தன் கூட்டை அடையாளம் காண்கிறது என்று ஹேமா சோமநாதனும் உடனாய்வாளர்களும் மகாராட்டிரத்தின் பீமசங்கர் காட்டில் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. அதற்கும் விண்மீன்கள் விளக்காகவே பயன்படுகின்றன. மலைத்தேனீ நிலவொளியில் பறந்து பூத்தேடினாலும், இரவில் அது ஆடும் நடனம் நிலவைச் சுட்டுவதில்லை. அடிவானத்துக்குக் கீழே மறைந்த சூரியனின் இடத்தைக் கணக்கிட்டே ஆடுகிறது. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் தேனெடுப்போர் பலர் நிலவில்லா இரவைத் தேர்ந்துகொள்வதற்கும் இதில் விளக்கம் உண்டு: ஒளியில்லாதபோது தேனீக்கள் பறந்து துரத்த இயலாது, உதிரும் தீப்பொறிகளின் பின்னே போய்விடும். அமாவாசையின் பலன் அங்கே இருட்டின் பலனாகவே இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 21இல் அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது ஒலிவாங்கிகளை வைத்துப் பதிவு செய்தவர்கள், முழு மறைப்பின் சில நிமிடங்களில் தேனீக்களின் ரீங்காரம் ஏறத்தாழ அறவே அடங்கிப்போனதைக் கண்டனர். பகுதி மறைப்பின்போது அவை பறந்துகொண்டுதான் இருந்தன. கிரகணத்துக்கும் இருட்டுக்கும் அவை வேற்றுமை பார்க்கவில்லை.

வானத்தைத் தேனீ படிப்பது கண்ணாலும் கடிகாரத்தாலும் நினைவாலும் ஆனது. திசை, நேரம் ஆகிய இரண்டையே அது வானத்திடம் கேட்கிறது. கோள்நிலையைக் கணிக்கும் பகுதியில் பஞ்சாங்கமும் அதே அளவில் நிற்கிறது, மதிப்புக்குரியதாகவும் இருக்கிறது. அந்நிலையிலிருந்து ஒரு குழந்தையின் படிப்பையோ ஒரு பெண்ணின் திருமணத்தையோ சொல்லும் பகுதிக்குத் தேனீயைச் சாட்சியாக அழைக்க வழியில்லை.

லிண்டாவர் இலங்கையில் கண்டதைத் திருநெல்வேலியின் வானத்தில் மீண்டும் சோதிப்பது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அடுக்குத்தேனீப் பெட்டி, தேனீயின் கண்ணுக்குப் புலப்படாத சிவப்பு விளக்கு, ஒரு தூக்குக்குண்டு, ஒரு கோணமானி, ஒரு கடிகாரம் ஆகியவை போதும். ஏப்ரல் 12ஐ ஒட்டிய ஐந்தாறு நாள்களில் பகல் 11.45 முதல் 12.55 வரை ஒவ்வொரு நடனத்தின் கோணத்தையும் நேரத்தையும் பதிவு செய்து, 12.08க்கும் 12.32க்கும் இடையே என்ன நிகழ்கிறது என்று தனியே பார்க்க வேண்டும். ஆகஸ்ட் இறுதியில் மீண்டும் செய்ய வேண்டும். கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையை ஒட்டி அமைந்துள்ள மாவட்ட அறிவியல் மையமும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் இணைந்து, பள்ளி மாணவரைக் கொண்டு இப்பதிவேட்டைத் தொடங்க முன்வர வேண்டும்.